இடது காதுப் பக்கம்

அறிவுக்கரசுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஆனால் தினமும் காலை ஏழே முக்காலுக்கு, பஸ் எத்தனை நிமிடம் தாமதம் என்பதை அம்மனிடம் சொல்லாமல் அவரால் வேலையைத் தொடங்க முடியாது.

இதில் முரண்பாடு ஒன்றும் இல்லை என்றுதான் பதினெட்டு ஆண்டுகளாக நினைத்துக்கொண்டிருந்தார். மனுஷனுக்குப் பேச ஆள் வேண்டும். அந்த வடகடலோர நகரத்தில், தமிழில் சொன்னால் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்ள அவருக்கு இருந்த ஒரே ஆள், அருங்காட்சியகத்தின் இரண்டாம் மாடியில், பதினான்காம் கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் நின்றாள். வெண்கலம். இரண்டே முக்கால் அடி. பெயர் அஞ்சொல்நாயகி. ஊர், காவிரிக்கரையில் வெண்ணிமங்கலம். எண்பது வருடத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில் கோயிலிலிருந்து காணாமல் போனவள். இப்போது அவள் என்னவாக இருக்கிறாள் என்று கேட்டால், கோப்பில் ஒரே சொல்தான் இருந்தது: கலைப்பொருள்.

அறிவுக்கரசின் வேலை, கலைப்பொருள்கள் கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வது. வயது ஐம்பத்தெட்டு. அப்பா துறையூர்ப் பக்கத்தில் பகுத்தறிவுப் பிரச்சாரகர். ஐந்து பிள்ளைகளின் பெயரில் ஒன்றிலும் ஒரு சாமி கூட நுழைந்துவிடாதபடி காவல் காத்தவர். அருங்காட்சியகத்தில் யாருக்கும் முழுப்பெயர் வாயில் நுழையவில்லை. 'அரி' என்று சுருக்கிவிட்டார்கள். பாற்கடலில் பள்ளிகொண்டவரின் பெயரால் மகனைக் கூப்பிடுகிறார்கள் என்பது தெரியவரும் முன்பே அப்பா காலமானது ஒருவகையில் நல்லதுதான்.

மனைவி ஆறு குளிர்காலம் பொறுத்தாள். ஏழாவதற்கு முன்னால், "ஊருக்குப் போயிட்டு வரேங்க" என்று கிளம்பியவள் திரும்பவில்லை. அவளைக் குறை சொல்ல முடியாது. அந்த ஊரில் டிசம்பரில் சூரியனே மூன்றரை மணிக்குக் கிளம்பிவிடுகிறது.

இருபது ஆண்டுக்கு முன்னால் அவர் வேலைக்குச் சேர்ந்தபோது பெட்டியின் மீதிருந்த குறிப்பு இப்படி இருந்தது: "தாய்த்தெய்வம் அல்லது நடனமாது. இடுப்பின் வளைவும் மார்பின் திரட்சியும் கவனிக்கத்தக்கவை." படித்ததும் அவருக்குக் காது சிவந்துவிட்டது. நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, யார் வீட்டுப் பெண்ணையாவது இப்படி எழுதி ஒட்டுவார்களா? இரண்டு ஆண்டு மல்லுக்கட்டினார். துறைத் தலைவி மார்கிட் நல்லவள். அந்த அம்மனைப் பற்றி நானூறு பக்கத்துக்குப் புத்தகம் எழுதியவள். (அவள் பேசுவதெல்லாம் அந்த ஊர் மொழியில். இங்கே தமிழில் பேசவைக்கிறோம். அவளைக் கேட்கவில்லை.) கடைசியில் குறிப்பு மாறியது: "அஞ்சொல்நாயகி அம்மன். வீதியுலா வரும் திருமேனி. பட்டும் பூவும் அணிந்த கோலத்திலேயே மக்கள் இவளைக் காண்பர்."

இங்கேதான் வம்பு ஆரம்பித்தது. குறிப்பில் பட்டு இருக்கிறது, பெட்டிக்குள் பட்டு இல்லை. தவறான குறிப்பை ஒரு தொழில்நுட்ப ஆள் எப்படிச் சகித்துக்கொள்வது? 'தூசித் தடுப்பு' என்று எழுதிக்கொடுத்து, ஒரு சின்ன மஞ்சள் துணிக்கு அனுமதி வாங்கினார். துணி கட்டினால் ஈரம் சேருமே என்று, தினமும் துணியை மாற்ற அனுமதி வாங்கினார். மாற்றும்போது சும்மா மாற்றுவானேன் என்று, காய்ச்சி வடித்த நீரால் பஞ்சு நனைத்துத் தலைமுதல் கால்வரை துடைப்பதையும் சேர்த்துக்கொண்டார். நிலைமின்சாரம் சிலையைப் பாதிக்கும் என்று சொல்லிக் கூடத்துக்கு வெளியிலேயே காலணியைக் கழற்றினார். வெள்ளிக்கிழமை மட்டும் நீரில் ஒரு சொட்டுச் சந்தன எண்ணெய். 'பூஞ்சைத் தடுப்பு.'

"வெண்கலத்துக்குப் பூஞ்சை வருமா, அரி?" என்று மார்கிட் ஒருமுறை கேட்டாள்.

"இதுவரைக்கும் வரலை பாத்தீங்களா?" என்றார் அறிவுக்கரசு. மார்கிட் கையெழுத்துப் போட்டாள்.

துடைத்துக்கொண்டே பேசுவார். சத்தம் போட்டால் காவலாளி எட்டிப் பார்ப்பான் என்பதால் குனிந்து, அவள் இடது காதருகே பேசுவார். பஸ் தாமதம், முழங்கால் வலி, புளிக்குப் பதிலாக எலுமிச்சை பிழிந்து வைத்த ரசம். பெரிய விஷயம் எதுவும் கிடையாது. பெரிய விஷயங்கள் நடப்பதற்கு வாழ்க்கையில் இன்னும் இரண்டு பேராவது வேண்டும்.

இந்த நிலையில்தான் படலமானி வந்தது.

கருவி எளிமையானது. வெண்கலத்தின்மேல் விழும் ஒவ்வொரு பொருளும், எண்ணெயோ பாலோ நீரோ, கழுவினாலும் போகாத ஒரு மெல்லிய படலத்தை விட்டுச்செல்கிறது. மரத்துக்குள் வளையம்போலப் படலத்தின்மேல் படலம். கருவி அவற்றை எண்ணும். இந்தச் சிலைக்கு எத்தனை ஆண்டு பூசை நடந்தது, எந்த ஆண்டில் நின்றது என்று சொல்லிவிடும்.

நாடுகளெல்லாம் கூடி உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டன. நம் ஊரில் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை குடமுழுக்கு என்று யாரோ சொல்ல, ஒரு வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டார். கடைசிப் பூசை நடந்து பன்னிரண்டு ஆண்டுக்குள் இருந்தால் அது திருமேனி, ஊருக்குத் திரும்பவேண்டும். அதற்கு மேல் ஆகிவிட்டால் கலைப்பொருள், இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். நியாயம்தான். ஐம்பது அறுபது வருடமாகக் கண்ணாடிக்குள் நிற்கும் சாமிக்கு யார் பூசை செய்திருக்கப் போகிறார்கள்? நாற்பத்தொரு அருங்காட்சியகங்களில் அளந்தார்கள். நாற்பத்தொரு தடவையும் தெய்வம்தான் தோற்றது.

நாற்பத்திரண்டாவதாக வெண்ணிமங்கலத்துக்காரர்கள் மனுப் போட்டார்கள்.

ஊர் சார்பில் வந்தவர் கல்யாணசுந்தர குருக்கள். அறுபது வயது. வேட்டிக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் கம்பளிக் கோட்டு, உச்சியில் குரங்குக் குல்லாய். குல்லாய்க்குள்ளிருந்து இரண்டு கண் மட்டும் தெரிந்தது. கருவியை இயக்க ஒப்பந்த அலுவலகம் அனுப்பிய பெண் துஷ்யந்தி. முப்பது வயது. பெற்றோர் யாழ்ப்பாணம், தான் பிறந்தது இங்கேதான் என்று வந்த ஐந்தாவது நிமிடமே சொல்லிவிட்டாள். ஒரே நாளில் இரண்டு பேர் தமிழ் பேசியதில் அறிவுக்கரசுக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கியது.

குருக்கள் பெட்டிக்கு முன்னால் வந்து குல்லாயைக் கழற்றினார். அதன் பிறகு காலணியை. அதற்கு மேல் அசையவில்லை. வாய் முணுமுணுக்கவும் இல்லை. மூக்கு மட்டும் ஒருமுறை விரிந்து சுருங்கியது. அன்று வெள்ளிக்கிழமை.

"எந்த ஊர் நீங்க?" என்றார், திரும்பாமலேயே.

"துறையூர்ப் பக்கங்க."

"அப்பா என்ன பண்ணிண்டிருந்தார்?"

"கடவுள் இல்லைன்னு மேடை போட்டுப் பேசிட்டிருந்தாருங்க."

"அதான் பார்த்தேன். ஒரு நாள் தவறாம பண்ணிண்டிருக்கேள். நாங்கன்னா உடம்பு சரியில்லேன்னு ஒரு நாளாவது தம்பியை அனுப்பிடுவோம்."

"நான் எதுவும் பண்ணலைங்க. துடைக்கிறேன். அவ்வளவுதான்."

"நானும் அதான் பண்றேன்," என்றார் குருக்கள்.

கருவி இரண்டு மணி நேரம் முனகியது. துஷ்யந்தி திரையைப் பார்த்தாள். திருகைத் திருப்பி இன்னொரு முறை அளந்தாள். பிறகு மார்கிட்டையும் அறிவுக்கரசையும் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"எண்பது வருசத்துக்கு முன்னம் பூசை நிண்டிருக்குது," என்று அறிவுக்கரசிடம் தமிழில் ஆரம்பித்தாள். "பிறகு அறுபத்திரண்டு வருசம் ஒண்டும் இல்லை. வெறும் தூசி. அதுக்குப் பிறகு திரும்பத் தொடங்கியிருக்குது, அண்ணை. பதினெட்டு வருசம். நாளுக்கு ஒருக்கால் தண்ணி. ஏழாம் நாள் சந்தனம். பருத்தித் துணி. இண்டைக்குக் காலமை வரைக்கும்."

அறிவுக்கரசு தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். திருடியவன் பார்ப்பதுபோல.

"இன்னுமொண்டு. இடது காதுப் பக்கம் மட்டும் வேற ஒரு படலம் இருக்குது. உப்பும் ஈரமும். மனுசரின்ர மூச்சு. ஆரோ பக்கத்தில நிண்டு கதைச்சிருக்கினம். ஒவ்வொரு நாளும்." அவரை நிமிர்ந்து பார்த்தாள். "என்ன கதைச்சனீங்கள், அண்ணை?"

"அது... பராமரிப்பு சம்பந்தமா."

"காதுக்குள்ளயோ?"

துஷ்யந்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு, மார்கிட்டுக்கும் அந்த ஊர் மொழியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, ஒரு தாளை நீட்டினாள். கருவிக்குப் படலம் தெரியும், மனம் தெரியாது. அதனால் அண்மையில் தொட்டவரைக் கேட்கவேண்டும் என்பது விதி. ஒரே கேள்வி: நீங்கள் செய்தது பராமரிப்பா, வழிபாடா? பராமரிப்பு என்றால் அந்தப் பதினெட்டு வருடமும் கணக்கில் வராது, அவள் கலைப்பொருளாக இங்கேயே நிற்பாள். வழிபாடு என்றால் அடுத்த மாதம் ஊருக்குப் போவாள். நாளைக் காலைக்குள் கையெழுத்து வேண்டும்.

"பராமரிப்பு என்று எழுது, அரி," என்றாள் மார்கிட். குரல் கெஞ்சவில்லை. களைத்திருந்தது. "பொய்யும் இல்லை. துடைக்கும் நெறிமுறை முழுவதிலும் என் கையெழுத்து இருக்கிறது. அவள் போய்விட்டால் உன் காலைப்பொழுது என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்."

பதினெட்டு வருடமாக அவள் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டுதான் கையெழுத்துப் போட்டிருக்கிறாள் என்பது அறிவுக்கரசுக்கு அப்போதுதான் உறைத்தது. பூஞ்சை உட்பட.

அன்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தார். ஒரு பேனாக் கோடு போட்டால் போதும். அவளும் இருப்பாள், அப்பாவின் மானமும் இருக்கும். இன்னொரு கோடு போட்டால் இரண்டும் போய்விடும். பகுத்தறிவுப் பிரச்சாரகரின் மூத்த மகன் பதினெட்டு ஆண்டு அம்மனுக்கு அபிஷேகம் செய்தான் என்று அரசாங்க முத்திரையோடு ஆவணம் நிற்கும். துறையூருக்குச் சேதி போனால் சித்தப்பாக்கள் தெருவில் நிமிர்ந்து நடக்க முடியாது. இவ்வளவையும் விட்டுக்கொடுத்து வாங்குவது என்ன? கூடத்தில் ஒரு காலிப் பீடம்.

பராமரிப்பு என்று எழுதுவதாக முடிவெடுத்துக்கொண்டே பஸ்ஸிலிருந்து இறங்கினார். வீட்டில் ரசம் சூடு பண்ணும்போதுதான் அப்பா வந்து தொலைத்தார்.

அப்பா மேடையில் எப்போதும் ஒன்று சொல்வார். சொன்னதை நம்பாதே, சோதித்துப் பார். சோதனை உனக்குப் பிடிக்காத பதிலைச் சொன்னாலும் மூடி மறைக்காதே. மூடி மறைப்பது அவர்கள் வேலை, நம் வேலை இல்லை. 'அவர்கள்' என்னும்போது கை கோயில் கோபுரத்தைக் காட்டும். சின்ன வயதில் அறிவுக்கரசு முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டியிருக்கிறார்.

சரி, சோதித்துவிடலாம் என்று முடிவு செய்தார்.

சோதனை சுலபமானது. வெறும் பராமரிப்புதான் என்றால், தேவையில்லாததை நீக்கிவிட்டும் அதைச் செய்ய முடியவேண்டும். கல் தரையில் நிலைமின்சாரம் கிடையாது என்பது அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். ஆகவே நாளைக் காலை காலணியைக் கழற்றாமல் உள்ளே போகவேண்டும். பேசக்கூடாது. துடைத்துவிட்டு வந்துவிடவேண்டும். முடிந்தால் பராமரிப்பு.

மறுநாள் ஏழு நாற்பத்தெட்டுக்குப் பதினான்காம் கூடத்தின் வாசலில் நின்றார். கையில் நீர்க் கிண்ணம், பஞ்சு, மடித்த மஞ்சள் துணி. காலில் கனத்த பனிக்கால பூட்ஸ்.

வலது காலைத் தூக்கினார். வைத்தார். வைத்த இடம் வாசலுக்கு இந்தப் பக்கம்.

இடது காலை முயன்றார். அதுவும் அப்படியே. ஐம்பத்தெட்டு வயது ஆண்பிள்ளை, மூன்று பட்டம் வாங்கியவர், ஒரு வாசலுக்கு முன்னால் அணிவகுப்புப் பழகுகிறவர்போலக் காலை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு நின்றார். காவலாளி எட்டிப் பார்த்து, "குளிரா?" என்று கேட்டான். "ஆமாம்," என்றார். ஆறு நிமிடம் ஆனது. அவள் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவசரப்படுத்தவில்லை. அவள் யாரையும் அவசரப்படுத்தி அவர் பார்த்ததில்லை.

குனிந்து பூட்ஸைக் கழற்றினார். சோதனை முடிந்தது.

"இன்னிக்கு ஒம்போது நிமிஷம் லேட்டும்மா," என்றார் உள்ளே போய். "அதுல ஆறு நிமிஷம் பஸ்ஸு மேல தப்பில்ல."

துடைத்து, துணி மாற்றி, எல்லாம் முடித்த பிறகு தாளை எடுத்து அவள் பீடத்தின் ஓரத்திலேயே வைத்து நிரப்பினார். 'வழிபாடு' என்ற கட்டத்தில் கோடு போட்டார். குறிப்பு எழுத ஒரு வரி விட்டிருந்தார்கள். யோசித்து எழுதினார்: செய்தவனுக்கு நம்பிக்கை இல்லை. செய்தது வழிபாடுதான்.

துஷ்யந்தி படித்துப் பார்த்தாள். "உங்களுக்கு விசரோ அண்ணை? மூளை பிசகிப்போச்சோ?" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்தாங்கோ, இதிலயும் ஒரு சைன்," என்றாள்.

அடுத்த மாதம் அவளை மரப்பெட்டியில் வைத்துக் கட்டினார்கள். முகம் மேலே பார்த்தபடி இருக்கவேண்டும் என்று அறிவுக்கரசு நெறிமுறை எழுதிக்கொடுத்திருந்தார். காரணம் என்ற இடத்தில் இந்த முறை எதுவும் எழுதவில்லை. மார்கிட்டும் கேட்கவில்லை. லாரி தெருமுனை திரும்பும்வரை இரண்டு பேரும் பனியில் நின்றார்கள். மார்கிட் அவர் தோளில் கைவைத்து, நானூறு பக்கம் எழுதியும் கடைசி அத்தியாயத்தை விட்டுவிட்டேன் போலிருக்கிறது என்றாள்.

வெண்ணிமங்கலத்தில் வரவேற்பு பிரமாதம். படம் அனுப்பியிருந்தார்கள். மேளம், பந்தல், வாழைமரம், தெரு முழுக்கத் தலை. பட்டுக்குள் அவள் முகம் கொஞ்சமே தெரிந்தது. அறிவுக்கரசு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். இத்தனை பேருக்கு நடுவில் அவரைத் தேடி அவள் பார்க்கப்போவதில்லை. அப்படி நினைப்பது அறிவியலுக்கு ஒவ்வாதது. ஆனாலும் பார்த்தார்.

பிறகு எட்டு மாதம்.

அவர் ஏழே முக்காலுக்கே வந்தார். கூடத்துக்கு வெளியே காலணியைக் கழற்றினார். காலிப் பீடத்தைத் துடைத்தார். பீடத்துக்கும் தூசி பிடிக்கும்தானே. பேச்சு மட்டும் வரவில்லை. வெற்றிடத்தோடு பேசும் அளவுக்குத் தனக்கு இன்னும் முற்றவில்லை என்று சொல்லிக்கொண்டார். சாயங்காலம் கடைக்காரியிடம் ரொட்டி கேட்கும்போது, அன்றைக்கு வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை அதுதான் என்பது தொண்டை கரகரக்கும்போது தெரியும். கனவுகூடச் சில நாள் அந்த ஊர் மொழியில் வந்தது.

டிசம்பரில் ஒரு காலை. பீடத்தின் ஓரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது.

"அறிவுக்கரசா? கல்யாணசுந்தரம் பேசறேன். வெண்ணிமங்கலம்." பின்னால் மணிச் சத்தம். "உச்சிகால பூஜை முடிஞ்சுது. நடை சாத்தறதுக்கு முன்னாடி கூப்பிடறேன். உங்களுக்கு அங்கே காலைதானே?"

"ஆமாங்க ஐயா. சொல்லுங்க. அவங்களுக்கு ஏதாவது... கறுப்பு படியுதா? பச்சை பூக்குதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லே. ஜம்முன்னு இருக்கா. அந்தப் பொண்ணு துஷ்யந்தி வந்திருந்தா. மெஷினை வெச்சு அளந்துட்டுப் போனா. ஊருக்குப் போன திருமேனியை வருஷத்துக்கு ஒரு தடவை அளக்கணுமாம். பால், தயிர், சந்தனம், எண்ணெய், எல்லாம் அமோகமா இருக்காம்." குரல் தணிந்தது. "இடது காதுப் பக்கம் மட்டும் புதுசா மூச்சுப் படலமே இல்லேன்னு சொன்னா."

அறிவுக்கரசு பஞ்சைக் கிண்ணத்தில் போட்டார்.

"எனக்கு ரெண்டு நாளா மனசே சரியில்லே. இத்தனை பேர் வர்றா. எல்லாரும் தூரக்க நின்னு கேட்டுட்டுப் போறா. பரீட்சை, கல்யாணம், விசா. பக்கத்துல போறவன் நான் ஒருத்தன். சரி, நாம பேசுவோம்னு நேத்திக்குக் குனிஞ்சேன். வாயைத் திறந்தா ஸ்லோகம்தான் வர்றது. பேச்சு வரமாட்டேங்கறது. நீங்க என்னதான் பேசினேள்?"

"பெரிசா ஒண்ணும் இல்லைங்க." வெட்கமாக இருந்தது. "பஸ்ஸு லேட்டாவுறது. முட்டி வலி. சமைச்சது."

அந்தப் பக்கம் சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

"சரி, இருங்கோ," என்றார் குருக்கள். "ஃபோனை அவ காதுகிட்டே வெச்சுப் பிடிச்சுக்கறேன். பேசுங்கோ."

"ஐயா, அது எப்படிங்க! ஃபோன்ல மூச்சு வராது. மெஷின்ல பதியவே பதியாது."

"மெஷினுக்கு யார் சொல்லச் சொன்னா? அவளுக்குச் சொல்லுங்கோ. சீக்கிரம், நடை சாத்தணும். எனக்கும் பசிக்கறது."

வளையல் உரசுவதுபோல ஒரு சத்தம். பட்டுத்துணி சரசரப்பு. பிறகு எதுவும் கேட்கவில்லை. எண்ணெய் விளக்கின் திரி படபடப்பதுகூடக் கேட்பதுபோல ஓர் அமைதி.

அறிவுக்கரசு கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். காவலாளி அந்தக் கோடியில் முதுகைக் காட்டி நின்றான். ஜன்னலுக்கு வெளியே இன்னும் விடியவில்லை. காலிப் பீடத்தின் பக்கமாக, இடது பக்கமாக, வழக்கமான உயரத்துக்குக் குனிந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இன்னிக்குப் பன்னெண்டு நிமிஷம் லேட்டும்மா," என்றார்.

பதில் இல்லை. எப்போதும் இருந்ததில்லை. அவர் மேலே சொல்லிக்கொண்டே போனார்.